தூக்கத் திருடியின் முகம்

முகத்தக்காவுக்கு நிம்மதி வந்தது ஐம்பதைத் தாண்டிய பிறகு. சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. அதுவரை அதைக் கண்ணால்கூடப் பார்த்திராதவள் ஆகையால், வந்திருப்பது என்ன என்று புரிந்துகொள்ளவே அவளுக்குப் பல மாதம் பிடித்தது. புரிந்தபோது கையில் உளி இருந்தது. எதிரே பாதி செதுக்கிய மரத்தலை ஒன்று அவளைப் பார்த்து அன்பாகச் சிரித்துக்கொண்டிருந்தது. அது அன்பாகச் சிரிக்கவே கூடாத தலை.

அவளுடைய தொழில் பொம்மைகளுக்கு முகம் செதுக்குவது. கடையில் தொங்கும் பொம்மைகள் அல்ல, பொம்மலாட்டப் பொம்மைகள். திரைக்குப் பின்னால் ஆள் நின்று தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து ஆட்டுவார்கள். குழந்தைகளுக்காகவே நாடகம் போடும் ஒரு சின்னக் குழுவில் அவள் நெடுங்காலமாக இருந்தாள். வாடகைக்கு எடுத்த அரங்கம், அதன் பின்புறம் உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்த நீள அறை, அந்த அறையின் ஜன்னலோரத்தில் அவளுடைய மேசை. குழுவில் எல்லோரும் அவளை முகத்தக்கா என்றே கூப்பிட்டார்கள். சம்பளப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது மட்டும் சொந்தப் பெயர் ஞாபகம் வரும்.

நல்லவர்களின் முகத்தை யார் வேண்டுமானாலும் செதுக்கிவிடலாம். கண்ணைக் கொஞ்சம் பெரிதாக்கி, வாயைச் சின்னதாக்கி, கன்னத்தில் சிவப்புப் பூசினால் நல்லவன் தயார். கெட்டவன் அப்படி அல்ல. அவன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க வேண்டும், ஆனால் அது மரம். மரத்தால் புருவத்தை ஏற்றி இறக்க முடியாது. முதல் காட்சியில் என்ன முகமோ அதுதான் கடைசிக் காட்சியிலும். அந்த ஒரே முகம் ஒன்றரை மணி நேரம் பார்ப்பவர்களைக் கிடுகிடுக்க வைக்க வேண்டும். முகத்தக்காவின் கெட்டவர்கள் வைத்தார்கள். அவள் செதுக்கிய வட்டிக்கார ராஜாவைப் பார்த்துவிட்டு முன்வரிசைக் குழந்தைகள் கோரஸாக அழுததும், ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை 'அந்த ஒருத்தரை மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கங்களேன்' என்று கெஞ்சியதும் குழுவில் இன்றும் பெருமையாகச் சொல்லப்படும் கதைகள். முகத்தக்கா திரைக்குப் பின்னால் நின்று அந்த அழுகையைக் கச்சேரி கேட்பது போலக் கேட்பாள்.

அவள் வேலை செய்யும் விதம் தனி. மேசைக்கு எதிரே ஆணியில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. முதலில் தானே அந்தக் கெட்டவனாக முகத்தைக் கோணிக்கொள்வாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு விரலால் தன் முகத்தைத் தடவிப் பார்ப்பாள். கோபம் வந்தால் சதை எங்கே கட்டிக்கொள்கிறது, மூக்கோரத்தில் பள்ளம் எவ்வளவு, தாடை எந்தப் பக்கம் இறுகுகிறது. விரல் கண்டுபிடித்ததைக் கை உளிக்குச் சொல்லும். அவ்வளவுதான் சூத்திரம். படம் பார்த்துச் செய்தது ஒன்றுகூட இல்லை. அதனால் அவளுடைய எல்லாக் கெட்டவர்களுக்கும் எங்கேயோ அவள் சாயல் இருந்தது. அதை யாரும் அவளிடம் சொல்லத் துணிந்ததில்லை.

அந்தக் கோபத்துக்குச் சரக்கு எங்கிருந்து வந்தது என்றால், அக்காவிடமிருந்து. கூடப் பிறந்த அக்கா. அழகி, படிப்பில் முதல், வந்தவர்கள் போனவர்களிடம் வாய் நிறையப் பேசுகிறவள். "அவளப் பாரு, நீயும் இருக்கியே, எப்பப் பாரு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு" என்று அம்மா ஒரு நாளைக்குப் பத்துத் தரம் சொல்லுவாள். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டால் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் தங்கச்சி முதன்முதலில் கண்ணாடி முன்னால் போய் நின்றாள். அக்கா நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்டாள், மாடிவீடு கட்டினாள், இரண்டு பிள்ளைகளைப் பெற்று வெளிதேசத்துக்கு அனுப்பினாள். தங்கச்சி மரத்தைச் செதுக்கிக்கொண்டு ஒண்டிக் கட்டையாக இருந்தாள். அக்கா ஒரே ஒரு தடவை நாடகம் பார்க்க வந்தாள். முடிந்ததும், "இதெல்லாம் எப்படிடி பொறுமையா உக்காந்து செய்யிற?" என்றாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. நன்றாக இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு முகத்தக்கா ஐந்தாறு சூனியக்காரிகளைச் செதுக்கித் தள்ளினாள்.

அப்புறம்தான் லைட்டுக்காரர் குறுக்கே வந்தார்.

அவர் அதே குழுவில் மேடைக்கு விளக்குப் போடுகிறவர். மனைவியை இழந்தவர், சாது, பேசினால் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு மீதியைச் சிரிப்பால் முடிக்கிறவர். எத்தனையோ வருஷம் ஒரே அரங்கத்தில் இருந்துவிட்டு, திடீரென்று ஒரு நாள், "நாம ரெண்டு பேரும் தனித்தனியா எதுக்குச் சமைக்கணும்?" என்று கேட்டார். அதுதான் அவர் காதலைச் சொன்ன அழகு. பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடும்போது பழக்கதோஷத்தில் "அக்கா, பேனா குடுங்க" என்றுவிட்டார். பதிவாளர் நிமிர்ந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். முகத்தக்கா அங்கேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதற்குப் பிறகு அவர் அவளை 'முகம்' என்று கூப்பிட ஆரம்பித்தார்.

காலையில் அவர் டீ போட்டுத் தலைமாட்டில் வைப்பார். அவள் எழுந்திருக்கும்வரை தட்டுப் போட்டு மூடி வைத்திருப்பார். இப்படியெல்லாம் ஒரு மனிதர் செய்தால் ஒருத்தி என்னதான் பண்ணுவாள்? முதலில் தூக்கம் நன்றாக வந்தது. பிறகு பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கம் போயிற்று. ஒரு நாள் பஸ்ஸில் ஒருவன் காலை மிதித்தபோது, "பரவாயில்ல தம்பி" என்று தன் வாயே சொல்வதைக் கேட்டுத் தூக்கிவாரிப் போட்டது. அக்காவைப் பற்றி நினைத்தால் வயிறு எரிவதில்லை. நன்றாக இருக்கட்டும் என்று தோன்றியது. இது என்ன கேடு என்று அவளே யோசித்தாள்.

அந்த நேரத்தில்தான் குழு புது நாடகத்தை எடுத்தது. பெயர் 'தூக்கத் திருடி'. ஒரு சீமாட்டி ஊரில் எல்லோருடைய தூக்கத்தையும் திருடி மெத்தைக்குள் அடைத்து, அதன்மேல் படுத்து உறங்குகிறாள். ஊர் சனம் கண் சிவந்து திரிகிறது. நாடகத்தின் உயிரே அந்தச் சீமாட்டி. முகத்தக்கா வழக்கம்போல் கண்ணாடி முன் நின்று முகத்தைக் கோணினாள். கோணியது. ஆனால் உள்ளே ஒன்றும் இல்லாமல் கோணியது. விரலால் தடவினால் சதை வழுவழுவென்று கிடந்தது. சரி, பழக்கப்பட்ட கைதானே என்று செதுக்கி முடித்துக் குழுத்தலைவரிடம் காட்டினாள்.

தலைவர் இவளைவிட இளையவர். எதையும் நேரே சொல்லமாட்டார், ஆனால் சொல்லாமல் விடவும் மாட்டார். தலையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இவ தூக்கத்தத் திருடறவ மாதிரி இல்ல. தாலாட்டுப் பாடறவ மாதிரி இருக்கா."

இரண்டாவது தலை செய்தாள். அது பக்கத்து வீட்டு அத்தை மாதிரி வந்தது. மூன்றாவதற்குப் பல்லை நீட்டி, புருவத்தைக் கொக்கியாக வளைத்துப் பார்த்தாள். பல்வலி வந்த அத்தையாக ஆயிற்று. ஆட்டுகிறவர்கள் ஒத்திகையில் அதைத் தூக்கிப் பிடித்ததும், ஒத்திகை பார்க்க வந்திருந்த ஒரு குழந்தை அதற்குக் கை காட்டியது.

"நாள் நெருங்குதுக்கா. அச்சுல வார்த்த முகம் ரெடிமேடா கெடைக்குது. இந்த ஒரு தடவை அதை வாங்கிக்கலாமா?" என்றார் தலைவர்.

இந்த ஒரு தடவை என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். ஒரு தடவை வாங்கிய கை மறுதடவையும் வாங்கும். அப்புறம் ஜன்னலோர மேசையில் இன்னும் நாலு உடைந்த நாற்காலிகளை அடுக்குவார்கள். செதுக்காவிட்டால் தான் யார் என்று யோசித்துப் பார்த்தாள். டீயைத் தட்டுப் போட்டு மூடி வைக்கிற ஒருவருடைய மனைவி. நல்ல பதவிதான். ஆனால் அது போதவில்லை. அது போதவில்லை என்பதே அவளுக்கு அவரிடம் குற்ற உணர்ச்சியைக் கொடுத்தது.

நிலைகொள்ளவில்லை. நிம்மதியைத் தொலைக்கவேண்டும் என்ற பதைப்பு ஆளைப் பிடித்து ஆட்டியது. வீட்டில் வலியப் போய்ச் சண்டை போட்டுப் பார்த்தாள். "டீயில சர்க்கர கம்மி" என்றாள். அவர் சர்க்கரை போட்டார். "இப்பக் கூடுதல்" என்றாள். அவர் அதை எடுத்துத் தான் குடித்துவிட்டு வேறு போட்டார். "ஏங்க, உங்களுக்குக் கோவமே வராதா?" என்று கத்தினாள்.

"வரும். எப்பன்னு..." என்று சிரித்து முடித்தார்.

விஷயம் தெரிந்ததும் அவரும் தன்னாலானதைச் செய்ய முன்வந்தார். "முகம், நான் வேணா கீழேருந்து லைட் அடிக்கிறேன். கீழேருந்து அடிச்சா யார் மூஞ்சியும் பயமாத்தான் இருக்கும்."

"என் மூஞ்சிக்கு உங்க லைட்டு பிச்ச போடணுமா?" என்று சீறினாள். சீறியதும், ஆகா, வந்துவிட்டது என்று கண்ணாடிக்கு ஓடினாள். போய்ச் சேர்வதற்குள் சிரிப்பு முந்திக்கொண்டது.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. சரக்கு தீர்ந்துபோனால் என்ன, கடை எங்கே இருக்கிறது என்று தெரியாதா? அக்கா வீட்டில் நாலு நாள் போய்த் தங்கினால் போதும். அந்தத் திரைச்சீலைகளையும் பிள்ளைகளின் புகைப்படங்களையும் பார்த்தால் பழைய எரிச்சல் தானாக வந்துவிடும். கூடப்பிறந்தவளின் வீட்டுக்கு வயிறு எரிவதற்காக உடுப்பெடுத்து வைத்துக்கொண்டு போனவள் உலகத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

பைநிறையத் துணியும் மனசுநிறைய எதிர்பார்ப்புமாகக் காலையில் போய் இறங்கினாள். கதவைத் திறந்த அக்கா ஒரு கையால்தான் திறந்தாள். மற்றக் கையைத் துண்டில் சுற்றி இடுப்போடு வைத்திருந்தாள். ஈரக் கை என்று முகத்தக்கா நினைத்தாள்.

ஹாலில் அத்தான் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "வா வா" என்று தலையை நிமிர்த்தி இதமாகச் சிரித்துவிட்டுத் திரும்பவும் பேப்பருக்குள் போய்விட்டார். முகத்தக்கா வந்த வேலையைத் தொடங்கினாள். திரைச்சீலையைப் பார்த்தாள். புதுசு. ஒன்றும் ஆகவில்லை. பிள்ளைகளின் படங்கள், பெரிய பெரிய வீடுகளுக்கு முன்னால் நின்று எடுத்தவை. நல்லா இருக்காங்களே, பரவாயில்லை என்று தோன்றியது. சுவரில் ஆளுயரக் கண்ணாடி. அக்கா நின்று அழகு பார்க்கும் அந்தக் கண்ணாடி ஒரு காலத்தில் அவளுக்கு ஜென்மப் பகை. இப்போது சட்டம் கொஞ்சம் உளுத்திருக்கிறதே, சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். விளங்கினாற்போலத்தான்.

அக்கா டீ கொண்டுவந்தாள். கோப்பை தட்டில் கடகடவென்று ஆடியது. வைப்பதற்குள் பாதி தரையில் கொட்டிவிட்டது. அத்தான் காலை மட்டும் தூக்கி நாற்காலிக் கம்பியில் வைத்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டினார். கொஞ்ச நேரத்தில் நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிப் போனார்.

அவர் போனதும் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். துண்டைப் பிரித்தாள். வலது கை தனக்குத் தானே ஆடிக்கொண்டிருந்தது. அது அவளுடைய கை மாதிரியே இல்லை.

"கை நடுங்குதுடி. நாலஞ்சு மாசமா. மொதல்ல விரல் மட்டும் இருந்துச்சு, இப்ப மணிக்கட்டு வரைக்கும். ஊசில நூல் கோக்க முடியல. நேத்து அடுப்புல வெச்ச தண்ணிய எடுக்கறப்ப... காலுல விழுந்திருக்கும். அவருகிட்ட சொன்னா வயசாகுதுல்லங்கறாரு. பசங்களுக்கு போன் பண்ணினா பாத்துக்கம்மாங்கறாங்க. என்னத்தப் பாத்துக்க? நான் படுத்துட்டா என்னை யாருடி..."

அழுதாள். வாய் நிறையப் பேசுகிற அக்கா வாய் கோண அழுது முகத்தக்கா பார்த்ததில்லை. அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பாவம் எங்கேயோ தூரத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பதுபோல் இருந்தது. அவளுக்குள் இருந்த புது நிம்மதி அசையாமல் கால் நீட்டிப் படுத்திருந்தது. அது வாயைத் திறந்து பேசியது.

"மனச அமைதியா வெச்சுக்கோக்கா. எல்லாம் மனசுதான். நீ பதறப் பதற அதுவும் கூடும். என்னைப் பாரு, எப்படி இருந்தேன்? இப்ப எதுக்குமே அலட்டிக்கறதில்ல. என்னைப் பாரேன்."

சொல்லிக்கொண்டே அவளும் பார்த்தாள். எதிர்ச்சுவரில் கண்ணாடி. அதில் இரண்டு பெண்கள். ஒருத்தி கையை மடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு குலுங்குகிறாள். இன்னொருத்தி தலையைக் கொஞ்சம் சாய்த்து, இமையைப் பாதி இறக்கி, உதட்டோரத்தில் ஒரு சின்னச் சிரிப்போடு, சாப்பிட்டு முடித்தவள்போல் உட்கார்ந்திருக்கிறாள்.

முகத்தக்கா அந்த இரண்டாமவளையே பார்த்தாள். இத்தனை காலம் கண்ணாடியில் எத்தனை கோரத்தைப் பார்த்திருப்பாள், எதுவும் இப்படிப் பயமுறுத்தியதில்லை. அடுத்தவளின் தூக்கத்தின்மேல் படுத்திருக்கிறவளின் முகம் இதுதான். அவள் பல்லை நீட்ட மாட்டாள். புருவத்தை நெரிக்க மாட்டாள். அவளுக்கு ஒரு குறையும் கிடையாது.

அந்த நொடியில் மனுஷியாகப் பிறந்த யாரும் என்ன செய்திருக்க வேண்டும்? திரும்பி அக்காவின் கையைப் பிடித்திருக்க வேண்டும். முகத்தக்கா தன் கன்னத்தைப் பிடித்தாள். விரலால் தடவினாள். உதட்டோரத்தில் சதை எவ்வளவு மேலே போயிருக்கிறது, இமை எங்கே நிற்கிறது. அது கலைந்துவிடக் கூடாதே என்று மூச்சைக்கூட மெதுவாக விட்டாள்.

"என்னடி?" என்றாள் அக்கா.

"ஒரு அவசர வேலக்கா. இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. நான் கெளம்பறேன்."

"நாலு நாள் இருக்கேன்னு சொன்ன. நான் இன்னும் சொல்லி முடிக்கலடி."

"போன் பண்றேன்."

பையைத் திறக்காமலே தூக்கிக்கொண்டு இறங்கினாள். பஸ்ஸில் அந்த முகத்தைக் கொட்டாமல் கொண்டுபோகவேண்டி அப்படியே வைத்திருந்தாள். பக்கத்து இருக்கைப் பெண் இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டு எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டாள்.

அடுத்து வந்த நாட்களில் அவளைப் பிடிக்க முடியவில்லை. விடிந்தால் ஜன்னலோரப் பட்டறை, இருட்டினால் வீடு. இளசான கட்டை ஒன்று எடுத்து, கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலை ஓங்காமல், தட்டித் தட்டிச் செதுக்கினாள். கோபத்துக்கு ஆழமான வெட்டு வேண்டும். இதற்கு வெட்டே கூடாது. உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, எங்கே ஆரம்பிக்கிறது எங்கே முடிகிறது என்று தெரியாமல் கன்னம் வழுக்கிக்கொண்டு போகவேண்டும். கை பறந்தது. பசி தெரியவில்லை. இழந்த பதைப்பெல்லாம் விரலுக்கு வந்து சேர்ந்திருந்தது. முகம் மட்டும் அப்படியே அசையாமல் இருந்தது.

அக்கா போன் செய்தாள். இவள் எடுக்கவில்லை. திரும்பச் செய்தபோது லைட்டுக்காரர் எடுத்துப் பேசினார். வெகுநேரம் பேசினார், அதாவது வெகுநேரம் கேட்டார். பிறகு பட்டறைக்கு வந்து நின்றார்.

"உங்கக்கா தனியா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்திருக்காங்க. நரம்பு டாக்டர்கிட்ட. இன்னும் பரிசோதனை இருக்காம். பயந்து போயிருக்காங்க."

"அப்படியா" என்றாள் முகத்தக்கா, இமையைப் பாதி இறக்கி, உதட்டோரத்துச் சிரிப்போடு.

அவர் ஒரு அடி பின்னால் போனார். "கொஞ்ச நேரம் அந்த முகத்த எடுத்துடேன்."

"எடுத்தா திரும்ப வராதுங்க."

அவர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. அவருக்குக் கோபம் வந்தது அன்றைக்குத்தான். அவள் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அதைக் கவனிக்கவில்லை.

இங்கே நம் பங்குக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். நிம்மதி வந்தால் கலை படுத்துவிடும், வயிறு எரிந்தால்தான் விளக்கு எரியும் என்று பேசித் திரிகிறவர்கள் ஒரு பக்கம். மனம் அமைதியானால் கலை தானாக மலரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு கூட்டத்தையும் அந்தப் பட்டறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும். அவளுக்கு நிம்மதி இல்லாமல் அந்த முகம் கிடைத்திருக்காது. அந்த நிம்மதியைக் கீறிப் பார்க்கும் வெறி இல்லாமல் அதைச் செதுக்கியிருக்கவும் முடியாது. நடுவில் ஒருத்தியின் கை ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி இரண்டு கூட்டத்துக்கும் சொல்ல ஒன்றும் கிடையாது.

தலை முடிந்தது. தலைவர் கையில் வாங்கினார். வழக்கம்போல் திருப்பித் திருப்பிப் பார்க்கவில்லை. ஒரு தரம் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தார், முகம் சுவரைப் பார்க்கும்படி.

"வசனத்த மாத்தணும்க்கா. இவ கத்த மாட்டா" என்றார்.

கத்தவில்லை. முதல் நாடகத்தன்று பிற்பகல் காட்சியில் தூக்கத் திருடி திரைக்கு மேலே மெல்ல எழுந்து, தலையைச் சாய்த்து, "அழுங்க கண்ணுங்களா, எனக்கு ஒண்ணும் தொந்தரவில்ல" என்று இதமாகச் சொன்னாள். லைட்டுக்காரர் கீழேயிருந்தும் விளக்கடிக்கவில்லை, மேலேயிருந்தும் அடிக்கவில்லை. பகல் வெளிச்சம்போல் நேராகப் போட்டார். முகத்தக்கா திரைக்குப் பின்னால் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். அழுகை கேட்கவில்லை. அரங்கம் முழுக்கப் பிள்ளைகள் இருந்தும் ஒரு செருமல்கூட இல்லை. துணி இடுக்கு வழியாகப் பார்த்தாள். முன்வரிசையில் பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்னப்பெண் தன் அம்மாவின் முகத்தைக் கையால் திருப்பித் தன்னைப் பார்க்க வைத்துக்கொண்டிருந்தாள்.

ஜெயித்துவிட்டாள். அவளுக்கே தெரிந்தது. இதுவரை செய்த எதுவும் இதற்குக் கிட்டே வராது. ஆனால் கச்சேரி கேட்கிற சந்தோஷம் வரவில்லை. திரைக்குப் பின்னால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். ஆட்டுகிறவர் ஒருவர், "அக்கா, கால்ல விழுந்துருவேன், ஒரு எடத்துல நில்லுங்க" என்று கிசுகிசுத்தார்.

காட்சி முடிந்து எல்லோரும் வந்து கையைக் குலுக்கிவிட்டுப் போன பிறகு, பக்கக் கதவு வழியாக அக்கா உள்ளே வந்தாள். நடுங்கும் கையைக் கைப்பையின் பட்டைக்குள் நுழைத்து இறுக்கிக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். லைட்டுக்காரர் கூப்பிட்டிருக்கிறார் என்பது, விளக்கு மேடையிலிருந்து அவர் இந்தப் பக்கம் பார்க்காமல் கம்பி சுற்றிய விதத்திலேயே தெரிந்தது.

முகத்தக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. அக்கா அவளைப் பார்க்கவில்லை. தாங்கியில் மாட்டியிருந்த தூக்கத் திருடிக்கு எதிரே போய் நின்றாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எப்படிடி கண்டுபிடிச்ச?" என்றாள்.

"என்னதுக்கா?"

"இது உங்க அத்தான்டி. நான் பேசறப்பல்லாம் இப்படித்தான் இருப்பாரு. பேப்பர்லேருந்து தலைய எடுத்து, இதே சிரிப்பு. அடிச்சாலாவது, திட்டினாலாவது சொல்லிக்கலாம். இத யாருகிட்டன்னு சொல்லறது? நல்ல மனுஷன்னுதான ஊரே சொல்லுது." பைப்பட்டையிலிருந்து கையை உருவி முகத்தக்காவின் தோளைப் பிடித்தாள். அந்த நடுக்கம் தோள் வழியாக முதுகுக்கு இறங்கியது. "அன்னிக்கு நீ பாதியில எழுந்து போனப்ப, இவளும் இப்படித்தானான்னு நெனச்சுட்டேன்டி. ராத்திரியெல்லாம் உன்னத் திட்டினேன். நீ பாத்திருக்க. அவ்வளவு நேரத்துல பாத்துட்ட. எனக்காகத்தான் ஓடிப்போயி இதச் செஞ்சிருக்க."

சும்மா இருந்திருக்கலாம். ஆமாம் என்றுகூடச் சொல்ல வேண்டாம். தலையைக் குனிந்துகொண்டால் போதும், அக்கா அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டிருப்பாள். பிறந்தது முதல் ஏங்கிய இடத்தில் இன்றைக்கு நாற்காலி போட்டு உட்கார வைக்கிறாள். முகத்தக்காவுக்கு உட்காரத்தான் ஆசையாக இருந்தது. ஆனால் தோளில் அந்தக் கை ஆடிக்கொண்டே இருந்தது.

"அக்கா, அது அத்தான் இல்ல."

"பின்ன யாரு?"

"நான்தான்."

அக்கா சிரித்தாள். "போடி. உனக்காவது இந்த மூஞ்சியாவது. உனக்குத்தான் எல்லாம் மூஞ்சியிலயே..."

நிறுத்தினாள். பொம்மையைப் பார்த்தாள். தங்கச்சியைப் பார்த்தாள். திரும்பவும் பொம்மையைப் பார்த்தாள்.

"அன்னிக்கா?"

"ஆமாம்."

"நான் அழுதுகிட்டு இருந்தப்பவா?"

"உங்க வீட்டுக் கண்ணாடியில பாத்தேன். பாத்துட்டுத்தான் எழுந்து வந்தேன்."

தோளில் இருந்த கை இறங்கியது. அக்கா பைப்பட்டைக்குள் அதை நுழைக்கப் பார்த்தாள், நுழையவில்லை. இன்னொரு கையால் பிடித்து நுழைத்துக்கொண்டாள். அழவில்லை, திட்டவில்லை. பொம்மைக்குக் கிட்டே குனிந்து, கன்னம் இமையோடு சேரும் இடத்தை, தொடாமல், நிதானமாகப் பார்த்தாள்.

"நல்லா வந்திருக்குடி" என்றாள்.

இத்தனை வருஷத்தில் தங்கச்சியின் வேலையைப் பற்றி அவள் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அதுதான். பொய்யாகவும் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் பக்கக் கதவைப் பார்த்து நடந்தாள்.

"அக்கா, இரு. நானும் வரேன். டாக்டர் என்ன சொன்னாரு? மிச்சத்தையும் சொல்லு" என்று முகத்தக்கா கத்தினாள். அக்கா வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. முகத்தக்கா மேடையோரத்தில் கிடந்த செருப்பைக் காலால் துழாவி, இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.